அடியில் குருவிக்கூடு: வீட்டு எம்பிராய்டரி மெஷினை நீங்களே சரிசெய்த அனுபவங்கள்

மயில்கழுத்து

மூன்று வாரம் ஆகிவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

4x4 அங்குல ஹூப் (துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) மெஷின். வளைகாப்புப் பிளவுஸ், பச்சைப் பட்டு, கைக்கு ஒரு அன்னம். காலை ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இரவு பத்து மணிக்கு ஒரு கை முடிந்தது. இரண்டாவது கையில் அன்னத்தின் கழுத்துக்கு நூல் நிறம் மாற்றிப் பத்து நொடிகூட ஆகியிருக்காது, அடியில் கடகடவென்று சத்தம், மெஷின் நின்றது. ஹூப்பைத் தூக்கினால் வரவில்லை. அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக் குருவிக்கூடு கட்டியிருக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஹூப்புக்கும் ஊசித்தட்டுக்கும் நடுவே விரல் நுழையாது. நுனி வளைந்த சின்னக் கத்தரியை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்க முடியாமல் கைப்பழக்கத்தில் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். நூல் அறுபடும்போது நறுக் நறுக்கென்று கேட்கும். அப்படிக் கேட்டுக்கொண்டே வந்தபோது ஒரு வெட்டு மட்டும் சர்ரென்று நீளமாகப் போனது. வெளியே எடுத்துப் பார்க்காமலேயே தெரிந்துவிட்டது, அது பட்டு.

அதன் பிறகு செய்ததுதான் பெரிய தப்பு. சிக்கு அடியில் இருக்கிறது, ஆகவே கோளாறும் அடியில்தான் என்று நினைத்துவிட்டேன். பாபின் கேஸில் (அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு) இருக்கும் குட்டித் திருகை இறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன். இரவு இரண்டு மணி வரை இதே வேலை. முதலில் அது எந்த நிலையில் இருந்தது என்பதே போய்விட்டது. பழைய துணியில் ஓட்டிப் பார்த்தால் மறுபடியும் அதே குருவிக்கூடு.

விடியற்காலை நான்கு மணிக்குத்தான் உறைத்தது. நிறம் மாற்றும்போது ஃபுட்டை, அதாவது துணியை அழுத்தும் பாதத்தை, தூக்காமலேயே நூல் கோத்திருக்கிறேன். ஃபுட் இறங்கியிருந்தால் உள்ளே நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டு இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். நூல் நடுவில் போய் உட்காராது, விளிம்பிலேயே வழுக்கிக்கொண்டு ஓடும். பிடிமானம் இல்லாத மேல்நூலை, பாபினைச் சுற்றி ஓடும் ஹூக் கீழே இழுத்து இழுத்துக் குவித்துவிடும். ஃபுட்டைத் தூக்கி நூலை உருவி மறுபடி கோத்தேன், அவ்வளவுதான். கொத்து விழவில்லை.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

ஊத்துக்குளிக்காரன்

அக்கா, அடியில் கொத்து விழுந்தால் மேல்நூல்தான் காரணம் என்று புதிதாக வருகிறவர்கள் மனப்பாடம் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பெரும்பாலும் அதுதான், ஆனால் எப்போதும் இல்லை.

ஜரிகை பார்டர் மேல் ஓட்டும்போது எனக்கு ஊசி உடைந்தது. புது ஊசி போட்டேன். ஃபுட்டைத் தூக்கித்தான் கோத்தேன். பத்துத் தையலுக்கு ஒருமுறை நூல் அறுந்தது, நடு நடுவே அடியில் கொத்து. மூன்று நாள். நூல் மாற்றினேன், ஊசி மாற்றினேன், டென்ஷனை 4-இலிருந்து 2 வரை இறக்கினேன். கடைசியில் பாபின் கேஸை வெளியே எடுத்து, காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை அதன் விளிம்பைச் சுற்றி மெல்ல ஓட்டினேன். ஓரிடத்தில் ஒரே ஒரு பஞ்சிழை மாட்டிக்கொண்டு நின்றது. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது, மயிரளவு ஒரு கீறல். உடைந்த ஊசி குத்திய இடம். 1500 நம்பர் நைஸ் எமரி பேப்பரைச் சின்னதாக மடித்து அந்த இடத்தை மட்டும் நாலு இழுப்பு இழுத்து, தூசியைத் துடைத்துப் போட்டேன். அன்று மாலையே 18,000 தையல் டிசைன் ஒன்று ஒருமுறைகூட அறாமல் ஓடியது.

அப்புறம் அக்கா, சிக்கு விழுந்தால் முதலில் கத்தரியை எடுக்காதீர்கள். கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றி ஊசியை மேலே கொண்டுவாருங்கள். மெஷினை அணையுங்கள். மேல்நூலை ஊசிக்கு மேலே வெட்டிவிட்டு ஊசியைக் கழற்றுங்கள், ஃபுட்டையும் கழற்றிவிடுங்கள். அடுத்து ஹூப்பின் திருகைத் தளர்த்தி உள்வளையத்தை மட்டும் தூக்கி எடுங்கள். துணி தளர்ந்துவிடும். ஓரத்தைத் தூக்கினால் கொத்து கண்ணுக்கு முன்னால் இருக்கும், பார்த்து வெட்டலாம். டிசைன் இருந்த இடம் தவறிப்போகுமே என்று பயப்பட வேண்டாம். தையல் எண்ணிக்கையைப் பின்னால் நகர்த்தி, ஏற்கெனவே விழுந்த ஒரு துளையில் ஊசி நேராக இறங்குகிறதா என்று கைச்சக்கரத்தால் பார்த்துப் பார்த்து மறுபடி ஹூப்பில் பூட்டலாம். அரை மணி நேரம் பிடிக்கும், துணி பிழைக்கும். கேஸைத் திரும்ப வைக்கும்போது அதிலுள்ள அம்புக்குறியும் மெஷினில் உள்ள புள்ளியும் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பாபினைப் போட்டு நூலை இழுத்தால் அது இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். ஊசியின் தட்டையான பக்கம் பின்னால் இருக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஓடியதும் ஊசியை மாற்றிவிடுங்கள், முனை நன்றாகத்தான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

வாசல்கோலம்

எமரி பேப்பர் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, தம்பி. பிளாஸ்டிக் கேஸ் மென்மையானது. கீறல் போகும், கூடவே அந்த இடத்தில் ஒரு பள்ளமும் விழும். நூல் அங்கே ஒருவிதமாகவும் மற்ற இடத்தில் வேறுவிதமாகவும் ஓடும். நானும் தேய்த்தேன். ஒரு மாதம் ஓடியது, பிறகு சாட்டின் கோடுகளின் (இழைகள் நெருக்கமாக விழும் பட்டைத் தையல்) ஓரத்தில் பாபின் நூல் வெள்ளையாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. ஊசி குத்திய கேஸை மாற்றுவதுதான் சரி. வாங்கும்போது மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பாபினும் அப்படித்தான். என் மெஷினுக்கு 11.5 மில்லிமீட்டர் உயரம் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. கால் மெஷினுக்குப் போடும் இரும்பு பாபின் பார்க்கக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதைத்தான் என் நாத்தனார் போட்டுவிட்டார். அந்தக் கேஸ் உள்ளே சிராய்ந்துபோய் இப்போது என் டப்பாவில் கிடக்கிறது.

ஊத்துக்குளிக்காரன்

எனக்கு இரண்டு வருடம் ஓடிவிட்டது. சொரசொரப்பான 400 எமரி போட்டுத் தேய்த்தால் பள்ளம் விழத்தான் செய்யும். நான் சொன்னது 1500, அதுவும் அந்த ஒரு புள்ளியில் மட்டும்.

வாசல்கோலம்

நானும் 1500தான் போட்டேன்.

கருக்கல்

சுருக்கமாக என்னுடையது. பழைய மெஷின் இறுகிவிட்டது, கைச்சக்கரம் சுற்றவே இல்லை. அம்மா பல வருடமாகத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். மார்கழிக் காலையில் அடி மூடியைத் திறந்தபோது உள்ளே மஞ்சள் மெழுகு மாதிரி உறைந்துபோய், அதில் வருடக்கணக்கான பஞ்சுத் தூசி படிந்து, நகத்தால் சுரண்டினால் அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷ், இரண்டு நாள், பிறகு நல்ல மெஷின் ஆயில். நான் சுரண்டச் சுரண்ட அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அம்மாவும் இதான் விட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

இது கால் மெஷின் கதை. புது எம்பிராய்டரி மெஷின்களில் கையேடு சொல்லாத இடத்தில் எந்த எண்ணெயும் விடாதீர்கள். சிலவற்றில் நாம் எண்ணெய் விட வேண்டிய இடமே கிடையாது. ஊசித்தட்டைக் கழற்றி, பஞ்சை பிரஷால் வெளியே எடுத்தால் போதும். வாயால் ஊதினாலும் ஸ்ப்ரே காற்று அடித்தாலும் பஞ்சு உள்ளேதான் போகும்.

பனங்கிழங்கு

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். போன வருடம் யாழ்ப்பாணத்தில் தங்கச்சிக்குக் கொடுக்கவென்று இங்கே வாங்கிய மெஷினைக் கையோடு கொண்டுபோனேன். பிளக் பொருந்தாது என்று தெரிந்து அதற்கு ஒரு அடாப்டரும் வாங்கிப் போனேன். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது என்பது அந்த நேரம் என் மூளைக்கு எட்டவே இல்லை. இங்கே 120, அங்கே 230.

தங்கச்சி ஆசையாக சுவிட்சைப் போட்டாள். திரை ஒருமுறை வெளிச்சம் காட்டியது. டப் என்று ஒரு சத்தம், மீன் கருகிய மாதிரி ஒரு வாசம். அவள் கை சுவிட்சிலேயே இருந்தது. "நான் ஏதும் பிழையாச் செய்திட்டனா அண்ணா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னால் மறக்க முடியாதது. பிழை முழுக்க என்னுடையது.

பக்கத்து வீட்டுத் தம்பி ரேடியோ, டிவி திருத்துகிறவர். பிளக்கைக் கழற்றி அரை மணித்தியாலம் விட்டு, கரண்டைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் மிச்சக் கரண்ட் இல்லை என்று மீட்டரால் பார்த்த பிறகுதான் பவர் சப்ளைப் போர்டில் கை வைத்தார். ஃபியூஸ் போயிருந்தது. அதன் பக்கத்தில் காசு மாதிரி வட்டமான நீலப் பாகம், வேரிஸ்டர், இரண்டாகப் பிளந்திருந்தது. வோல்டேஜ் ஏறினால் தான் வெடித்து ஃபியூஸை அறுத்து மிச்சத்தைக் காப்பாற்றத்தான் அதை வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். இரண்டையும் மாற்றினார், மெஷின் உயிர் பெற்றது. இப்போது வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் 300 வாட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓடுகிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுபோகிறவர்கள் மெஷினின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளை வாசியுங்கள். 100-240 என்று இருந்தால் பயமில்லை. 120 என்று மட்டும் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே வேண்டாம். இந்தப் போர்டு வேலை தெரியாதவர்கள் தாங்களே திறக்கவும் வேண்டாம். பாபின் கேஸைக் கழற்றுவது வேறு, இது வேறு.

நெசவுவீடு

பென் டிரைவில் இருந்த டிசைன் மெஷினில் தெரியவில்லை. பழைய டிசைன்கள் எல்லாம் தெரிகின்றன, இது ஒன்று மட்டும் இல்லை. ஒரு சர்வீஸ் கடையில் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மெஷின் விலையில் பாதி கேட்டார்கள். அழுகை வந்துவிட்டது, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து, "அம்மா, இது 102 மில்லிமீட்டர்" என்றாள். ஹூப் 100. ஹூப்புக்கு அடங்காத டிசைனை என் மெஷின் பட்டியலிலேயே காட்டாது. 98-க்குச் சுருக்கிப் போட்டதும் திரையில் அந்தத் தாழம்பூ வந்து நின்றது. அந்த இரண்டு மில்லிமீட்டரை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது, போர்டுக்குப் பணம் புரட்ட வளையலை அடகு வைப்பதாக இருந்தேன்.

மயில்கழுத்து அக்கா, அந்தப் பிளவுஸ் கை என்ன ஆனது என்று சொல்லவே இல்லையே? திருகை எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தீர்கள்?

மயில்கழுத்து

எல்லாருக்கும் நன்றி. தம்பி, உள்வளையத்தை எடுப்பது எனக்குத் தோன்றவே இல்லை. இனி அப்படித்தான் செய்வேன்.

பழைய நிலை கிடைக்கவில்லை, புதிதாகத்தான் பிடித்தேன். பழைய பாப்ளின் துணிக்கு அடியில் பேப்பர் வைத்து, ஹூப்பில் தட்டினால் உறுமி மாதிரி ஒலிக்கும் அளவு இறுக்கிப் பூட்டி, ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் சாட்டின் கோடு ஓட்டினேன். திருப்பிப் பார்த்தால் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூல், இரண்டு ஓரத்திலும் மேல்நூல். அது வரும்வரை திருகைக் கடிகாரத்தின் பெரிய முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்கு மேல் ஒரு தடவையில் திருப்பவில்லை. ஏழாவது கோட்டில் வந்தது.

கிழிசல் நகக்கண் அளவு. அடியில் ஒட்டும் பேப்பர் வைத்து, அன்னத்தின் காலடியில் ஒரு தாமரை இலை ஓட்டி மூடினேன். முடிந்த கையிலும் அதே இலை. ஏழு மணிக்கு வந்தவர்களிடம் துணியைத் திருப்பிக் காட்டி, நடந்ததைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் அம்மா இலையைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பேசிய பணத்தை மேஜைமேல் வைத்தார், நான் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

இப்போது திருகின் தலையில் நகப்பூச்சால் ஒரு கோடும், அதற்கு நேராகக் கேஸில் ஒரு கோடும் போட்டு வைத்திருக்கிறேன்.