துட்டு யார் வீட்டுச் சொத்து?

தாமிரபரணிக்காரன்: நேத்து ஒருத்தர் இங்கன எழுதியிருக்காரு: "துட்டு மெட்ராஸ் பாஷை, மத்த ஊர்க்காரன் சினிமா பாத்துக் கத்துக்கிட்டான்"னு. எங்க ஆச்சி சாகுத வரைக்கும் கொட்டகைப் பக்கம் போனதில்ல. சுருக்குப்பையை அவுத்தா வெத்தலை வாசம்தான் முதல்ல வரும், பொறவுதான் காசு. "துட்டைத் தொலைச்சிராதல"ன்னு உள்ளங்கையில வச்சு விரலை மடக்கி விடுவா. அவளுக்கு சைதாப்பேட்டையில யாரு டியூஷன் எடுத்தா?

ராயபுரம் ராக்கெட்: எழுதுனது நான்தான் நைனா, நேராவே கேளு. துட்டு டச்சுக்காரனோட செப்புக்காசு. அவன் மெட்ராஸுக்கு வடக்கால கீற பழவேற்காட்ல கோட்டை கட்டுனது 1613. தூத்துக்குடிய போர்ச்சுகீசுக்காரன்கிட்டேர்ந்து புடிச்சது 1658. 45 வருசம் நாங்க சீனியர்.

தாமிரபரணிக்காரன்: 1613-ல மெட்ராஸே கிடையாது. இங்கிலீஷ்காரன் கடற்கரையில இடம் வாங்குனதே 1639. இல்லாத ஊருக்கு ஏதுவே பாஷை?

சொல்லாய்வு சுந்தரி: முதல்ல கொச்சைன்னா என்ன, வட்டார வழக்குன்னா என்னன்னு முடிவு பண்ணிட்டு...

ராயபுரம் ராக்கெட்: அப்பால வாங்கக்கா. மயிலாப்பூர் 1613-ல இருந்துச்சா இல்லியா? அத்த சொல்லச் சொல்லு.

தாமிரபரணிக்காரன்: மயிலாப்பூர் இருந்துச்சு, மெட்ராஸ் இல்ல. 1639.

கொங்கு மைனர்: ஏனுங்க, எங்கூர்ல பணம்னா பணந்தானுங்க. மெட்ராஸ் பாஷையெல்லாம் வூட்டுக்குள்ள பேசற மாதிரியாங்க இருக்குது?

ராயபுரம் ராக்கெட்: இன்னா கேவலம் கண்ட? பேஜார், நாஸ்டா ரெண்டும் உருது. கஸ்மாலம் சமஸ்கிருதம். கீதையிலயே கீது, ரெண்டாம் அத்தியாயம், போய்ப் பாரு.

தாமிரபரணிக்காரன்: மைனரு, நீங்க "அறிவிருக்குதுங்களா"ன்னு "ங்க" போட்டு ஏசுனா அது மரியாதையோ? சர்க்கரைப் பாகுல முக்குன வேப்பங்கொட்டை.

கொங்கு மைனர்: "ஏலே"ங்கறவங்க எங்களுக்கு மரியாதை சொல்லித் தர்றீங்களாக்கும்.

பனங்காய்ப் பணியாரம்: 1658-லதான் ஒல்லாந்தர், அதான் நீங்கள் சொல்லுற டச்சுக்காரர், யாழ்ப்பாணத்தையும் பிடிச்சவை. கந்தோர் (உங்கட ஆபீஸ்), கக்கூஸ் எல்லாம் அவையள் விட்டுட்டுப் போன சொல்லு. ஆனா எங்கட வீட்டில காசு எண்டுதான் சொல்லுறது. ஒல்லாந்தர் வந்த வருசத்தை வச்சுச் சொல்லுக்கு உரிமை கேக்கிறது என்னெண்டு சரியாகும்?

ராயபுரம் ராக்கெட்: தலைவரே, நீங்க நடுவுல பேசாதீங்க.

பனங்காய்ப் பணியாரம்: நான் ஆரைப் பேசினனான்? கதைச்சனான். பேச்சு வாங்கிறது நான்தான்!

தாமிரபரணிக்காரன்: யோவ் ராக்கெட்டு, அவங்க ஊர்ல பேசுததுன்னா ஏசுதது. இது கூடத் தெரியாம பாஷையைப் பத்தி எழுத வந்துட்டாரு. நான் மெட்ராஸ்ல காலேஜ் படிக்கையில மெஸ் பில் கட்டுத வரிசையில "துட்டு கொறையுது"ன்னு சொல்லிட்டேன். நாப்பது பேரு சிரிச்சான். மூணு வருசம் என் பேரே "துட்டு"தான், ரெக்கார்டு நோட்டுல கூட எழுதி வச்சானுவ. பட்டிக்காட்டான் பேச்சுன்னு அன்னைக்கு இளிச்சுப்புட்டு, இன்னைக்கு எங்க சொல்லுன்னு பட்டா கேக்கேளா?

ராயபுரம் ராக்கெட்: சிரிச்சவன் எவனும் ராயபுரத்துக்காரனா இருக்க மாட்டான். எங்க ஏரியால துட்டுன்னா எவனும் சிரிக்க மாட்டான், கையை நீட்டுவான்.

சொல்லாய்வு சுந்தரி: அதைத்தான் சொல்ல வந்தேன், யார் சிரிச்சாங்கங்கறதுலதான்...

ராயபுரம் ராக்கெட்: இரு அக்கா. பழவேற்காடு முன்னாடியா, தூத்துக்குடி முன்னாடியா? அத்த மட்டும் சொல்லு.

தாமிரபரணிக்காரன்: 1639.