பால்காரர் ஏன் சட்டமன்றத்துக்குப் போறார்? (சிங்கப்பூர் ஈசூன் தமிழ்க் குடும்பங்கள் குழு)

தேவி: எல்லாருக்கும் வணக்கம். யாழினிக்கு உயர்நிலை மூணுல தமிழ்ப் படைப்பு இருக்கு. மாடு வளர்த்தவர் மாநில அரசியலுக்கு வர்றதுதான் தலைப்பு. அவர் ஏன் டெல்லிக்குப் போகாம சட்டமன்றத்துக்கே போறாருன்னு கேக்குறா. தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

முத்து மாமா: சரியான இடத்துலதான் பிடிச்சிருக்கா. கால்நடையும் கூட்டுறவுச் சங்கமும் இந்திய அரசியலமைப்புல மாநிலப் பட்டியல்ல, அதாவது மாநிலம் சட்டம் போடுற விஷயங்கள்ல வருது, 15ஆவது, 32ஆவது பதிவு. ஆவின்ங்கிறது தமிழ்நாட்டுக் கூட்டுறவுப் பால் நிறுவனம். அதோட கொள்முதல் விலையை, அதாவது மாட்டுக்காரங்ககிட்ட பால் வாங்குற விலையை, அறிவிக்கிறது தமிழ்நாட்டு அரசு. கறவை வச்சிருக்கிறவருக்கு வேண்டிய கையெழுத்து சென்னையிலதான் இருக்கு.

யாழினி: அப்போ அவர் எம்எல்ஏ ஆனா விலையை ஏத்திடலாமா மாமா?

முத்து மாமா: அவரே ஏத்த முடியாது, அரசை ஏத்தச் சொல்லிக் கேக்கலாம். ஆனா அந்தக் காசு எங்கிருந்தாவது வரணும்மா. 2021 மே மாசம் ஆவின் விற்பனை விலையை லிட்டருக்கு 3 ரூபாய் குறைச்சாங்க. 2022 நவம்பர்ல பசும்பால் கொள்முதல் விலை 32லருந்து 35 ஆச்சு, எருமைப்பால் 41லருந்து 44. அதே நேரத்துல ஆரஞ்சு பாக்கெட் 48லருந்து 60க்குப் போச்சு. நீலமும் பச்சையும் பழைய விலைதான். ஆரஞ்சுல கொழுப்பு 6 சதவீதம், டீக்கடைக்காரங்க நிறைய வாங்குறது. பாரம் அங்க போய் விழுந்துச்சு. கிராமத்து ஓட்டும் டவுன் ஓட்டும் இந்த ஒரே லிட்டர்ல முட்டிக்கும். மாட்டுக்காரர் எம்எல்ஏவுக்கு இதுதான் நிஜமான சோதனை.

இர்பான்: மாமா சொன்னது சரி. ஆனா விலையை மட்டும் பேசுற வேட்பாளரை நான் நம்ப மாட்டேன். ஊர்ப் பால் சங்கத்துல அளவு, டெஸ்ட், பட்டுவாடா, இந்த மூணுலதான் காசு ஒழுகும். யாழினி, இதையும் எழுதிக்கம்மா.

இர்பான்: லிட்டரை மட்டும் பார்த்துக் காசு தர மாட்டாங்க. கொழுப்பையும், எஸ்என்எஃப்னு சொல்ற கொழுப்பு இல்லாத மத்த திடப்பொருளையும் பார்ப்பாங்க. கொழுப்பு பாக்கிற பழைய முறை கெர்பர். கண்ணாடிக் குழாய்ல முதல்ல 10 மில்லி சல்ஃப்யூரிக் அமிலம். அது மேல 10.75 மில்லி பாலை ஓரமா, மெதுவா விடணும். சட்டுனு ஊத்தினா கருகிடும், அளவு தெரியாது. அப்புறம் 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கி, மிஷின்ல சுத்தவிட்டு, 65 டிகிரி தண்ணில வச்சு எடுத்து, மேல நிக்கிற கொழுப்புக் கோட்டைப் படிக்கணும். இப்ப நிறைய இடத்துல அனலைசர் மிஷின் வந்துடுச்சு. அதை ஒழுங்கா கழுவி, சரிபார்க்கலன்னா தப்புத் தப்பா காட்டும்.

செல்வி அக்கா: நல்ல பாலுக்கே குறைச்சுக் காட்டுதுன்னு ஊர்ல சண்டை போடுறாங்களே, அது ஏன்பா?

இர்பான்: ரெண்டு மூணு காரணம் இருக்குக்கா. கேன்ல பால் கொஞ்ச நேரம் நின்னாலே ஆடை மேல ஏறிடும். கலக்காம அடியில மொண்டா டெஸ்ட்ல கொழுப்பு குறையும். கறந்த சூட்டோட லேக்டோமீட்டர், அதாவது பாலோட அடர்த்தி பாக்கிற கருவி, போட்டா ரீடிங் இறங்கும், பால்ல தண்ணி ஊத்தின மாதிரியே காட்டும். அதனால ஆறவிட்டு, வெப்பத்துக்கு ஏத்த மாதிரி திருத்திப் படிக்கணும். அப்புறம், முதல்ல வர்ற பால்ல கொழுப்பு கம்மி, கடைசியா ஒட்டக் கறக்கிறதுலதான் ஜாஸ்தி. அதைக் கன்னுக்கு விட்டா சங்கத்துல எண் குறையும்.

முத்து மாமா: இத்தனையும் தெரிஞ்சவர் சட்டமன்றத்துல எழுந்து நின்னு "எந்தெந்தச் சங்கத்துல பட்டுவாடா பாக்கி இருக்கு?"ன்னு கேட்டா, பதிலை மழுப்ப முடியாது.

யாழினி: உதாரணத்துக்கு யாரைச் சொல்லலாம்?

முத்து மாமா: திரிபுவன்தாஸ் பட்டேல். 1946ல குஜராத் கேடா மாவட்டத்துல விவசாயிகள் பால் தர மறுத்த போராட்டத்துலருந்துதான் அமுல் பிறந்துச்சு. அந்தச் சங்கத்தோட முதல் தலைவர் இவர். 1963ல மகசேசே விருது. அப்புறம் டெல்லியில இருக்கிற மாநிலங்களவைக்குப் போனார். அதே குஜராத்துல இன்னைக்கும் பால் சங்கத்துக்கும் சட்டமன்றத்துக்கும் நெருக்கம் உண்டு. பனாஸ் பால் சங்கத் தலைவர் சங்கர் சவுத்ரி 2022 டிசம்பர்ல குஜராத் சட்டமன்றச் சபாநாயகரே ஆனார்.

தேவி: கட்சி இல்லாத பால்காரர் நிக்க முடியுமா மாமா?

முத்து மாமா: முடியும். 25 வயசு ஆகியிருக்கணும், அந்த மாநிலத்துல ஏதாவது ஒரு தொகுதியோட வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும். சுயேச்சைன்னா நிக்கிற தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழியணும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருத்தர் போதும். பொதுப்பிரிவுக்கு டெபாசிட் 10,000 ரூபாய். பதிவான செல்லும் ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கலன்னா அது போயிடும். வேட்புமனுவோட குடுக்கிற உறுதிமொழிப் பத்திரமான 26ஆம் படிவத்துல நிலம், கடன், வழக்கு எல்லாம் காட்டணும். மாட்டுக் கடனை விட்டுட்டா பின்னாடி அதை வச்சே வழக்குப் போடுவாங்க.

செல்வி அக்கா: நம்ம குழுவுல இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க ஓட்டுப் போடலாம்தானே?

முத்து மாமா: போடலாம்மா. 6ஏ படிவம் குடுத்துப் பேரைச் சேர்க்கணும். ஆனா ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட ஊருக்கு நேர்ல போய்த்தான் போட முடியும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கினவங்களுக்கு ஓட்டும் இல்ல, வேட்பாளருக்கு நன்கொடையும் குடுக்கக் கூடாது.

இர்பான்: யாழினி, ஸ்லைடுல 35 ரூபாயை மட்டும் போட்டு விட்டுடாத. 2023 டிசம்பர்லருந்து லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்துச்சு. அதைக் கொள்முதல் விலையோட கூட்டி எழுதாம தனி வரியா போடும்மா. ஊக்கத்தொகை பாக்கி நின்னா எது நின்னுச்சுன்னு அப்பத்தான் புரியும்.