கொம்பு வைத்த வைக்கிங்கை விற்கலாமா?

கல்வெட்டுக்காரன்:
மின்னசோட்டா வைக்கிங்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைக்கவசத்தில் கொம்பு வரைந்திருப்பார்கள். பொம்மை, பீர் கோப்பை, சுற்றுலா விளம்பரம் எல்லாவற்றிலும் அதே கொம்புதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட ஐரோப்பாவில் வாழ்ந்த கடலோடிப் போர்வீரர்களான வைக்கிங்குகள் கொம்பு வைத்துப் போருக்குப் போனதற்குச் சான்றே கிடையாது. 1943இல் நார்வேயின் யெர்முன்புவில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டு இரும்புத் தலைக்கவசத்தில் கண்ணுக்கு மட்டும் காப்பு இருக்கிறது, கொம்பு இல்லை. 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்துக்கு கார்ல் எமில் டோப்ளர் வடிவமைத்த உடைகளுக்குப் பிறகுதான் இந்தக் கொம்பு ஊரெல்லாம் பரவியது. மேடை உடையைத் தொன்மை என்று விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மழைப்பாடி:
டென்மார்க்கின் வெக்சோவில் கொம்புக் கவசங்கள் கிடைத்தனவே?

கல்வெட்டுக்காரன்:
அவை வெண்கலக் காலத்தவை, கி.மு. 900 வாக்கில் செய்தவை. வைக்கிங்குகளுக்கும் அவற்றுக்கும் நடுவே 1,600 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

மழைப்பாடி:
சரி, கொம்பை விடுங்கள். புராணம் எந்தக் காலத்தில் மாறாமல் இருந்தது? வைக்கிங்குகளின் கடவுள்களான தோர், லோகி கதைகளில் பலவற்றை நாம் அறிவதே 1220 வாக்கில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிவைத்ததால்தான். அவர் கிறித்தவர். நாடு மதம் மாறி இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதியவர். அந்தக் கடவுள்கள் ட்ராய் நகரத்து மனிதர்கள் என்று அவர் நூலின் முன்னுரையே சொல்கிறது! அவர் மாற்றினால் இலக்கியம், 1962இல் மார்வெல் காமிக்ஸ் மாற்றினால் குற்றமா?

கல்வெட்டுக்காரன்:
மார்வெல் மீது எனக்குப் புகாரே இல்லை. செந்தாடி தோரைப் பொன்முடிக்காரன் ஆக்கினார்கள், தலைமைக் கடவுள் ஒடினின் இரத்தச் சகோதரன் லோகியைத் தோருக்குத் தம்பியாக்கினார்கள். காமிக்ஸ் கற்பனை என்பது படிக்கிற பிள்ளைக்கே தெரியும். என் சண்டை 'பழங்கால வைக்கிங் திசைகாட்டி' என்று வெள்ளிப் பதக்கத்தில் விற்கும் வெக்விசிர் சின்னத்தோடு. அது இருப்பது 1860இல் எழுதிய ஐஸ்லாந்துக் கையெழுத்துப் பிரதியில். வைக்கிங் காலம் முடிந்து ஏறக்குறைய 800 ஆண்டுகள் கழித்து! நம்பி உடம்பில் பச்சை குத்திக்கொள்கிறார்கள். வாழ்நாள் முழுக்கச் சுமக்கப்போகிறவர்களிடம் பொய் சொல்லலாமா?

ஃபியோர்டுக்கரை:
நான் நார்வேயில் இருக்கிறேன். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஹிட்லரின் எஸ்எஸ் படை தன் சின்னத்தையே வட ஐரோப்பாவின் பழைய எழுத்தான ரூன் வடிவில் அமைத்துக்கொண்டது. இன்றைய நவநாஜிகளும் ஓடால் என்ற ரூன் எழுத்தை விடுவதில்லை. 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்களில் கொம்புத் தொப்பி போட்ட ஒருவரின் நெஞ்சில் வால்க்நுட் என்ற, மூன்று முக்கோணங்கள் பின்னிய சின்னம் பச்சை குத்தியிருந்ததை உலகமே பார்த்தது. அழகாக இருக்கிறதே என்று வாங்கும் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாமா?

மழைப்பாடி:
அதனால்தான் கடைத்தெருவில் தோரும் அவன் சுத்தியலும் நிறைந்திருக்க வேண்டும் என்கிறேன். எல்லார் கையிலும் இருக்கும் சின்னத்தை ஒரு கும்பல் தனக்கென்று எடுத்துக்கொள்வது கடினம். புளூடூத் சின்னத்தைப் பாருங்கள், டென்மார்க் அரசர் ஹரால்டு புளூடூத்தின் பெயரின் முதலெழுத்துகளான இரண்டு ரூன்களைச் சேர்த்ததுதான் அது. அதைப் பார்த்து யார் பயப்படுகிறார்கள்?

ஃபியோர்டுக்கரை:
புளூடூத்தோடு ஓடாலை ஒப்பிடாதீர்கள். அந்த ரூனைச் சட்டையில் போட்டு இங்கே தெருவில் நடந்தால் பார்ப்பவர்களுக்கு எது நினைவுக்கு வரும் என்று விற்பவருக்கு நன்றாகத் தெரியும். ஐஸ்லாந்தில் 1972இல் தொடங்கிய ஆசாத்ரு சங்கத்தினர் அந்தத் தெய்வங்களை இன்றும் வழிபடுகிறவர்கள். இனவெறிக்காரர்களுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்வெட்டுக்காரன்:
மழைப்பாடி, ஹரால்டு நிஜ அரசர், அந்த ரூன்களும் நிஜம். அந்த நேர்மையைத்தான் பதக்கம் விற்பவரிடமும் கேட்கிறேன். விற்பனையை நிறுத்தச் சொல்லவில்லை. விவர அட்டையில் 'ஐஸ்லாந்து, 1860' என்று போடட்டும், அப்புறம் எத்தனை வேண்டுமானாலும் விற்கட்டும்.