யுஏஎஸ்பி ரியாக்டரில் அசிட்டேட் தேங்குகிறது, வாயு குறைகிறது: பாக்டீரியா கலவை வாங்கிப் போடலாமா?

கேள்வி:
உணவு பதப்படுத்தும் ஆலையின் கழிவுநீருக்கான யுஏஎஸ்பி ரியாக்டர் (காற்றில்லாத தொட்டி, அடியிலுள்ள நுண்ணுயிர்ச் சேறு வழியாகக் கழிவுநீர் மேலேறும்). 35 டிகிரி வெப்பநிலை, உள்ளே வரும் சிஓடி (கழிவை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 4500 மி.கி. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வாயு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. பிஎச் 6.7, காரத்தன்மை 1800, விஎஃப்ஏ (அசிட்டேட், ப்ரொப்பியோனேட் போன்ற கொழுப்பு அமிலங்கள்) 900ஐத் தாண்டிவிட்டது. லோடு (உள்ளே போகும் கழிவின் அளவு) மாறவில்லை. ஸ்லட்ஜை 16எஸ் டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்பினோம். ஆர்க்கியாவில் (மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்கள் இந்த வகை) பாதிக்கு மேல், அசிட்டேட்டை மீத்தேனாக்கும் மெத்தனோத்ரிக்ஸ் என்று அறிக்கை வந்திருக்கிறது. மீத்தேன் செய்கிற கூட்டம் இருக்கிறதே, பிறகு ஏன் இப்படி? பாக்டீரியா கலவை போட்டால் சரியாகும் என்கிறார் ஒரு விற்பனையாளர்.

பதில் 1:
விஎஃப்ஏவுக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம் 0.5 ஆகிவிட்டது சார். 0.3க்குள் இருந்தால்தான் நிம்மதி. முதலில் ஃபீடைப் பாதியாகக் குறையுங்கள், சோடியம் பைகார்பனேட் போட்டு பிஎச்சை 7க்கு மேல் கொண்டு வாருங்கள். கலவையெல்லாம் அப்புறம். விஎஃப்ஏவில் அசிட்டேட் எவ்வளவு, ப்ரொப்பியோனேட் எவ்வளவு?

கேட்டவர்:
அசிட்டேட் 800, ப்ரொப்பியோனேட் 120.

பதில் 2:
இந்தப் பிரிவுதான் முக்கியமான துப்பு. லோடு அதிகமாகியிருந்தால் பெரும்பாலும் ப்ரொப்பியோனேட்டும் சேர்ந்து ஏறும். அதை உடைக்கும் சின்ட்ரோஃபோபாக்டர் போன்றவை வேலை செய்ய ஹைட்ரஜன் மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் மெத்தனோஜென்கள் (மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்கள்) அதை உடனுக்குடன் தின்று தீர்க்காவிட்டால் சங்கிலி அங்கேயே நின்றுவிடும். உங்களிடம் அந்தச் சங்கிலி ஓடுகிறது. அசிட்டேட்டை மீத்தேனாக்கும் கடைசிப் படிதான் சிக்கியிருக்கிறது.

மெத்தனோத்ரிக்ஸ் இருப்பதாக அறிக்கை சொல்வதை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். 16எஸ் யார் இருக்கிறார்கள் என்றுதான் காட்டும், யார் வேலை செய்கிறார்கள் என்று காட்டாது. செத்த செல்லின் டிஎன்ஏகூட எண்ணிக்கையில் சேரும். அதே அறிக்கையில் டீசல்ஃபோவிப்ரியோ, டீசல்ஃபோபல்பஸ் மாதிரி, சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக்கும் பாக்டீரியாப் பெயர்கள் கூடியிருக்கின்றனவா? சல்ஃபேட் அளந்தீர்களா?

கேட்டவர்:
டீசல்ஃபோபல்பஸ் பழைய அறிக்கையைவிட நன்றாகவே கூடியிருக்கிறது. சல்ஃபேட் இன்று பார்த்தேன், உள்ளே 900, வெளியே கிட்டத்தட்ட இல்லை. காரக் கழுவுநீரைச் சமன்செய்ய ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதில் கந்தக அமிலத்துக்கு மாறியிருக்கிறார்கள்.

பதில் 2:
அதுதான் விஷயம். ஒரு கிராம் சல்ஃபேட்டைக் குறைக்க 0.67 கிராம் சிஓடி செலவாகும். 900க்கு 600 மி.கி. போயிற்று. தேங்கிய அசிட்டேட் இன்னும் 850 மி.கி. சிஓடி. இரண்டும் சேர்ந்தால் 4500இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நீங்கள் இழந்த வாயுவும் அதே அளவுதான். டீசல்ஃபோபல்பஸ் ப்ரொப்பியோனேட்டை அசிட்டேட் வரைக்கும்தான் உடைக்கும், அதனால்தான் ப்ரொப்பியோனேட் குறைவாகத் தெரிகிறது.

மீதி வேலையைச் செய்வது சல்ஃபைடு. மெத்தனோஜென்களை முடக்குவது முக்கியமாக அயனியாகாத ஹைட்ரஜன் சல்ஃபைடு. பிஎச் 6.7இல் கரைந்த சல்ஃபைடில் பாதிக்கு மேல் அந்த வடிவில் இருக்கும், 7.5இல் ஏறத்தாழ கால் பங்குதான். போதாததற்கு, சல்ஃபைடு நிக்கலையும் கோபால்ட்டையும் வீழ்படிவாக்கிவிடும். மெத்தனோஜென்களின் எஃப்430 துணைக்காரணியில் (மீத்தேன் செய்யும் நொதிக்குத் துணையான மூலக்கூறு) நிக்கல் இல்லாமல் மீத்தேன் கிடையாது. நீங்கள் வாங்கும் கலவையும் இதே தண்ணீரில்தான் நீந்த வேண்டும், பாவம்.

பழைய அமிலத்துக்கே திரும்புங்கள். உடனே முடியாவிட்டால் இரும்புக் குளோரைடு போட்டு சல்ஃபைடைக் கட்டலாம். ஃபெரஸ் சல்ஃபேட் மலிவு என்று அதை வாங்கிவிடாதீர்கள், கூடவே சல்ஃபேட்டும் வரும். ஃபெரிக் குளோரைடு காரத்தன்மையைத் தின்னும், பைகார்பனேட்டைக் கூட்ட வேண்டியிருக்கும். நீண்ட நாள் போட்டால் ஸ்லட்ஜில் சாம்பல் ஏறும்.

பதில் 3:
ஒன்று விட்டுப்போயிற்று. வாயு லைனைத் திறப்பவர்கள் கையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு மீட்டர் கட்டாயம் இருக்கட்டும். 100 பிபிஎம் அளவிலேயே மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
மீட்டர் ஏற்பாடு செய்துவிட்டோம். அமிலத்தை மாற்றச் சொல்லியாயிற்று. வாயு எப்போது பழைய நிலைக்கு வரும்?

பதில் 2:
உயிரோடு இருந்து முடங்கிக் கிடப்பவை சல்ஃபைடு இறங்கியதும் சில நாட்களில் எழும். செத்தவற்றுக்கு மாற்று வளர வாரங்கள் ஆகும், மெத்தனோத்ரிக்ஸ் இரட்டிப்பாகவே பல நாட்கள் எடுக்கும். அசிட்டேட் 200க்குக் கீழே வந்த பிறகு ஃபீடைப் படிப்படியாகக் கூட்டுங்கள். கிரானியூல்கள் (நுண்ணுயிர்கள் திரண்ட ஸ்லட்ஜ் உருண்டைகள்) மிதந்து வெளியேறுகின்றனவா என்றும் பாருங்கள்.