முதுகில் தொடங்கி விலாவோடு சுற்றி வரும் வலி: மூட்டா, நரம்பா?

கேள்வி (பிசியோதெரபி மாணவி):
தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகெலும்புக்கு இடப்பக்கம் ஆரம்பித்து விலாவோடு மார்பு வரை வரும் வலி. விலா மூட்டுப் பிடிப்பு, விலா இடை நரம்பு வலி இரண்டிலுமே மூச்சை இழுத்தால் வலிக்கும் என்றுதான் பாடத்தில் இருக்கிறது. தொட்டுப் பார்த்து எப்படிப் பிரிப்பது? எப்போது கை வைக்கவே கூடாது?

பதில் 1:
தொடுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. நடந்தால் கூடி, நின்றால் குறைகிறதா, வியர்வையோ மூச்சுத்திணறலோ உண்டா, திடீரென்று கிழிப்பது போல வந்ததா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அழுத்தினால் வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து இதயக் கோளாறு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்து, சட்டையைக் கழற்றச் சொல்லித் தோலைப் பாருங்கள். அக்கியில் கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே ஒரு பக்கமாக எரிச்சல் ஆரம்பித்துவிடும். துணி உரசினாலே எரிகிறது என்பவரிடம், தோல் சுத்தமாக இருந்தாலும், தினமும் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கிவிட்டால் நல்லது. இதை விலாப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்தே அந்த நேரத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

இனி கை. குப்புறப் படுக்க வையுங்கள். நடுக்கோட்டிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி, விலா முதுகெலும்போடு சேரும் இடத்தில் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி, ஆழமாக மூச்சிழுக்கச் சொல்லுங்கள். மூட்டு என்றால் ஒரே புள்ளியில் "இதேதான்" என்பார். உட்கார வைத்து உடம்பைத் திருப்பினால் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். தோல் உணர்ச்சி மாறியிருக்காது.

நரம்பு என்றால் புள்ளியாக இல்லாமல் பட்டையாக இருக்கும். பஞ்சால் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வாருங்கள். ஒரு பட்டையில் மட்டும் மரத்தோ, கூசியோ இருக்கும். விலா இடை நரம்பு விலாவின் கீழ் விளிம்பை ஒட்டிய பள்ளத்தில் ஓடுகிறது. அந்த விளிம்பில் விரல் நுனியை வைத்தால் சுரீரென்று முன்னோக்கிப் பாயும். எத்தனையாவது நரம்பு என்று எண்ணுவதற்கு அடையாளம்: மார்புக் காம்பு மட்டம் 4ஆவது மார்பு நரம்பு, தொப்புள் மட்டம் 10ஆவது.

மாணவர்கள் அடிக்கடி தவறுவது எண்ணிக்கையில்தான். நடு முதுகில் எலும்பின் முள் (பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனை) கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். விரலில் தட்டுப்படும் 6ஆவது முள்ளின் நுனிக்கு நேர் பக்கத்தில் இருப்பது ஏறக்குறைய 7ஆவது விலா. இது தெரியாமல் ஒரு மட்டம் தள்ளிச் சிகிச்சை கொடுத்துவிடுகிறார்கள்.

பதில் 2:
கழுத்தையும் பாருங்க. கழுத்தின் கீழ்ப்பகுதி ஜவ்வு (எலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க்) பிதுங்கினால் கை வலிக்கு முன்பே தோள்பட்டைகளுக்கு நடுவில் வலி வரலாம். கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் வலி குறைகிறதா என்று கேட்டுப் பாருங்க. குறைந்தால் கழுத்து நரம்பு மேல் சந்தேகம் வலுக்கும். சுவரில் கையூன்றித் தள்ளும்போது தோள்பட்டை எலும்பு இறக்கை மாதிரி எழும்பினால் அது விலா மூட்டு விஷயமே இல்லை. தோள்பட்டை எலும்பை விலாவோடு பிடித்து வைக்கும் செரட்டஸ் தசைக்குப் போகும் நீள மார்பு நரம்பைச் சோதிக்கணும்.

மாணவி:
மிக்க நன்றி. மூட்டுப் பிடிப்புதான் என்று தெரிந்தால் விலாவைச் சுற்றிப் பெல்ட் போடலாமா? வீட்டில் என்ன பயிற்சி சொல்வது?

பதில் 1:
பெல்ட் வேண்டாம். மூச்சு மேலோட்டமாகிவிடும். விலா முறிவில்கூட இறுக்கிக் கட்டுவதை இப்போது விட்டுவிட்டார்கள். சளி தேங்கி நிமோனியா வரலாம்.

துண்டை 8 முதல் 10 செ.மீ. தடிமனுக்குச் சுருட்டி, தோள்பட்டை எலும்பின் கீழ்முனை மட்டத்தில் குறுக்காக வைத்து மல்லாந்து படுக்கட்டும். முழங்கால் மடங்கியிருக்கணும், கைகள் தலையைத் தாங்கணும். ஐந்து ஆழ்ந்த மூச்சு, பிறகு துண்டை இரண்டு விரல்கடை மேலே நகர்த்தலாம். இடுப்பு தூக்கினால் வேலை கீழ் முதுகுக்குப் போய்விடும். அடுத்தது ஒருக்களித்துப் படுத்து, மேல் கையைப் புத்தகம் விரிப்பது போலப் பின்னால் திறப்பது. பக்கத்துக்கு 8 முறை. மேல் முழங்காலைத் தலையணையில் அழுத்தி வைக்காவிட்டால் திருப்பம் இடுப்பிலேயே நடந்து முடிந்துவிடும்.

கை வைக்கக் கூடாதவர்கள்: கால் தடுமாற்றம், மார்பைச் சுற்றிக் கச்சை கட்டியது போன்ற இறுக்கம், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள், இவர்களுக்குத் தண்டுவடம் அழுந்தியிருக்கலாம், அன்றே அனுப்புங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்தவர்களும் அப்படித்தான். நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்ட வயதானவர்களுக்கு இருமினாலே எலும்பு நொறுங்கலாம். அவர்களிடம் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதே என்று நம்பி அழுத்தாதீர்கள். விலாவில் மெல்லிய விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போவது சகஜம்.