மீன் தொட்டிக்கு ஆத்து மணலா, எம் சாண்டா, கடல் மணலா? போட்டுப் பாத்தவங்க சொல்லுங்க

குடந்தை கப்பி:
வீட்டு வேலை முடிஞ்சு மிஞ்சுன ஆத்து மணல் ரெண்டு மூட்டை மாடிப்படிக்குக் கீழ கெடக்கு. ரெண்டடி தொட்டி, கோரிடோராஸ் (மணல்ல மேயுற சின்ன மீசை மீனு) வாங்குற ஐடியா. கடைக்காரர் கலர் கல்லு போடுங்கங்கிறார், சித்தப்பா எம் சாண்ட் போதும்டாங்கிறார், யாரைக் கேக்குறதுன்னே தெரியல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்கப்பா.

ஐயாறு அயிரை:
தம்பி, அந்த ரெண்டு மூட்டைய யாருக்கும் குடுத்துடாதீங்க. இப்ப ஆத்துல போய் ஒரு வாளி அள்ளுனா கேஸ்தான், இருக்கறத வச்சு ஓட்டுங்க. நான் வருசக்கணக்கா காவிரி மணல்தான் போடுறேன், பெரும்பாலும் குவார்ட்ஸ், தண்ணிய ஒண்ணும் பண்ணாது, தொல்லையெல்லாம் அதுகூட வர்ற சாமான்லதான். மொதல்ல கொத்தனார் சல்லடையில சலிச்சு கூழாங்கல், வேர், சிமெண்ட் கட்டி எல்லாத்தையும் எடுத்துடுங்க, கட்டட மணல்ங்கறதால சிமெண்ட் கட்டிய விட்டுடக் கூடாது, அது கரைஞ்சு பி.எச்சை, அதாவது தண்ணியோட காரத்தை, எங்கயோ ஏத்திவிட்டுடும். அப்புறம் வாளியில கால்வாசி மட்டும் போட்டு அரிசி களையுற மாதிரி கையவிட்டுக் கலக்கிக் கலக்கி ஊத்தணும். மொதல்ல காப்பி கலர்ல வண்டல் வரும், அப்புறம் காக்காப்பொன்னு மினுமினுன்னு மேல மெதந்து போகும், அது போனா போகட்டும். வாளி அடி தெரியிற வரைக்கும் விடாதீங்க, கை வலிக்கும், பரவால்ல.

அடுத்தது நத்தை ஓடு. டெல்டா மணல்ல அது இல்லாம இருக்காது. வெள்ளையா தெரியறத பொறுக்கிடலாம், பொடியானது கண்ணுக்கு மாட்டாது. ஒரு கைப்பிடி காஞ்ச மணல கண்ணாடிக் கிண்ணத்துல போட்டு வினிகர் ஊத்திப் பாருங்க, நுரை பொங்குச்சுன்னா சுண்ணாம்பு இருக்கு. எலுமிச்சம்பழச் சாறும் வேலை செய்யும். டெஸ்ட் பண்ண மணல தூரப் போட்டுடுங்க, தொட்டிக்கு வேணாம்.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. பாலிதீன் பைக்குள்ள ஒரு காந்தத்த வச்சு மணல்ல உழுதுட்டு எடுங்க, கருப்புப் பொடி மீசை மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். மீனுக்கு அதால ஒண்ணும் இல்ல. ஃபில்டர் மோட்டாருக்குள்ள சுத்துற இம்பெல்லரே காந்தம்தான், அந்தப் பொடி போய் அதுல அப்பிக்கிட்டு ராத்திரியில கரகரன்னு கத்தும், அப்புறம் நின்னே போயிடும்.

நாகை உப்புக்காத்து:
கடல் மணல் பத்தி நான் சொல்றேன். எங்க தெருவுல ஒரு அண்ணன் பீச் மணல் அள்ளிட்டு வந்து நல்லா அலசி உப்பெல்லாம் போயிடுச்சுன்னு நியான் டெட்ரா விட்டாரு, அது கடினமில்லாத தண்ணி பிடிக்கிற குட்டி மீனு. உப்பு போச்சு, கிளிஞ்சல் எங்க போகும்? அது பூரா கால்சியம் கார்பனேட், கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு தண்ணி கடினமாகிட்டே போச்சு, எங்க ஊரு போர் தண்ணி ஏற்கெனவே கடினம் வேற. டெட்ரா ஒவ்வொண்ணா போயிடுச்சு. அதே தொட்டியில இப்ப மோலி குட்டியா போட்டுத் தள்ளுது! மோலி, கப்பி, ஆப்பிரிக்கன் சிக்லிட் எல்லாம் கடினத் தண்ணி பிடிக்கிற ஜாதி. ஆக மணல் கெட்டதுன்னு இல்ல, எந்த மீனுக்குன்னு பாக்கணும். டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்சிருக்கறத அளக்குறது) இருந்தா ஒரு பாட்டில்ல ஆர்ஓ தண்ணியும் கழுவுன மணலும் போட்டு ஒரு வாரம் வச்சு, முன்னயும் பின்னயும் அளந்து பாருங்க, நிறைய ஏறியிருந்தா அந்த மணல் எதையோ கரைக்குதுன்னு அர்த்தம்.

மன்னை மாடித்தோட்டம்:
சித்தப்பா கோவிச்சுக்கப் போறாரு, ஆனா கோரிடோராஸுக்கு எம் சாண்ட் வேணாம். கருங்கல்ல உடைச்சுப் பண்றது, ஒவ்வொரு மணியும் மூலை மூலையா இருக்கும், உள்ளங்கையில வச்சுத் தேச்சாலே சுருக்குன்னு தெரியும். கோரி மணலுக்குள்ள மூக்க விட்டு, வாயில அள்ளி, செவுள் வழியா துப்புற மீனு. ஃப்ரெண்டு வீட்டுத் தொட்டியில அதுங்களுக்கு மீசை பாதி கரைஞ்சு குச்சி மாதிரி நின்னுச்சு, பாக்கவே பாவமா இருந்துச்சு. கூர் மட்டும் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், அடியில கழிவு தேங்குனாலும் மீசை கரையும், அந்தத் தொட்டியில ரெண்டுமே இருந்துச்சு. ஆத்து மணல் கெடைக்கலன்னா ஆர்ஓ பிளாண்ட், நீச்சல் குளத்துக்குப் போடுற ஃபில்டர் மணல் கேளுங்க, சைஸ் பிரிச்சே குடுப்பாங்க.

வாய்க்கால் மணல் மட்டும் வேணவே வேணாம். வயல்ல அடிக்கிற மருந்தெல்லாம் அங்கதான் வடியுது.

குடந்தை கப்பி:
அண்ணே, எவ்வளவு உயரம் போடணும்? ரெண்டு மூட்டையும் பத்துமா?

ஐயாறு அயிரை:
ஒரு மூட்டையே மிஞ்சும். 60க்கு 30 சென்டிமீட்டர் அடின்னா 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு 7 லிட்டர் சொச்சம், சுமாரா 11, 12 கிலோ. செடி வைக்கலன்னா அதுக்கு மேல வேணாம், ஆழமாப் போட்டா அடியில காத்து போகாம கருப்பாகி அழுகுன முட்டை நாத்தம் வரும். நம்ம வாய்க்கால்ல கெடக்குற நீளக் கூம்பு நத்தை ரெண்டு விட்டா மணலக் கெளறிக்கிட்டே இருக்கும், ஆனா பெருகித் தொலையும். எங்கிட்ட அயிரைதான் அந்த வேலையப் பாக்குது. பயந்துச்சுன்னா சர்ருனு மணலுக்குள்ள பூந்து கண்ண மட்டும் வெளிய வச்சுப் பாக்கும், குழம்புக்கு வாங்குன மீனுன்னு வீட்டுல இன்னும் திட்டு வாங்கிட்டிருக்கேன்.

தண்ணி ஊத்துறப்ப மணல் மேல ஒரு தட்டு வச்சு அதுமேல ஊத்துங்க. எவ்வளவு கழுவுனாலும் மொதல்ல கலங்கத்தான் செய்யும், ஸ்பாஞ்ச் ஃபில்டர போட்டு விட்டுடுங்க, ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும். தெளிஞ்சிடுச்சேன்னு உடனே மீன் வாங்கப் போயிடாதீங்க, மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ மாத்துற பாக்டீரியா சேர பெரும்பாலும் நாலு, ஆறு வாரம் ஆகும், அது சேந்து அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் டெஸ்ட்ல சைபர் காட்டுன பிறகு கோரி வாங்கலாம்.