புதுப்பிப்பு: செவர்லே எஸ்எஸ், நேரில் போய்ப் பார்த்தாயிற்று

அமெரிக்காவில் 2014 முதல் 2017 மாடல் வரை மட்டுமே விற்ற செவர்லே எஸ்எஸ் செடானுக்குப் பழைய வண்டிச் சந்தையில் ஏன் இந்த விலை, வாங்கலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் "பார்க்க மாலிபு (செவர்லேயின் சாதாரணக் குடும்பக் கார்) மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு?" என்றீர்கள்.

சனிக்கிழமை ஒன்றைப் பார்த்தேன். 2016 மாடல், ஆறு கியர் மேனுவல். முன் கண்ணாடிக்குக் கீழே தெரியும் சேஸிஸ் எண் 6-இல் தொடங்குகிறது, அதாவது ஆஸ்திரேலியத் தயாரிப்பு. ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் நிறுவனம் செய்த கமடோர் காரில் செவர்லே சின்னம் ஒட்டியதுதான் இது. 6.2 லிட்டர் எல்எஸ்3 என்ற எட்டு சிலிண்டர் (வி8) இன்ஜின், 415 குதிரைத்திறன், எல்லாம் பின்சக்கரத்துக்கு. சாவியைத் திருகாமல் பட்டனை அழுத்திய நொடியில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. மாலிபுவுக்கு எந்த நாயும் எழாது.

விலைக்கு வருவோம். முதல் வருடம் ஆட்டோமேட்டிக் மட்டும்தான், மேனுவல் 2015 மாடலில்தான் வந்தது. ஆகவே மேனுவல் இன்னும் அரிது. வண்டியைச் செய்த, ஆஸ்திரேலியாவின் எலிசபெத் என்ற ஊரில் இருந்த ஆலையை 2017 அக்டோபர் 20 அன்று மூடிவிட்டார்கள். புதிதாக விற்றபோது வாங்காமல் விட்டவர்கள் (நானும்தான்) இப்போது வரிசையில் நிற்கிறோம்.

சரி, வாங்கினேனா? இல்லை. முன் பம்பரில் கை நீளத்துக்கு விரிசல். அதைக் காட்டியும் விற்பவர் ஒரு டாலர் இறங்கவில்லை. ஞாயிறு மாலை குறுஞ்செய்தி வந்தது: வேறொருவர் வண்டியைப் பார்க்காமலேயே பணம் அனுப்பிவிட்டாராம்.